ஏர்னஸ்ற் தூக்கிய விரல்

இத்தாலியில், பலெர்மோ நகரத்து ஒரேத்தோப் பகுதியில், மின்தூக்கி இல்லாத ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில், காலை ஐந்தரைக்கு ஓர் அடுப்பு எரியத் தொடங்கும். பற்றவைப்பது அந்த வீட்டு அம்மா என்று நினைத்தால் தப்பு. அம்மா மாக்கிரட் அந்த நேரம் ஒரு கையால் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு மறு கையால் தேநீர் குடித்துக்கொண்டிருப்பாள். பக்கத்து ஊர் பகேரியாவில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது ஓர் இத்தாலிய அம்மா, வீட்டில் அவளுக்கு வேலை. ஆறு இருபது ரயிலைத் தவறவிட்டால் சிஞ்ஞோரா அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். ஆகவே அடுப்படி அப்பாவுக்கு. அப்பா என்றால் ஏர்னஸ்ற். மன்னாரில் பேசாலை ஊர், பலெர்மோவுக்கு வந்து பத்தொன்பது வருடம், வயது நாற்பத்தேழு, தலையில் மயிர் பாதி, பிடிவாதம் முழுசு.

மாக்கிரட் படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் அவருடைய ராச்சியம் தொடங்கும். ஏழு வயது ஜோசுவாவை எழுப்புவது பெரும்பாடு. அவனுக்கு ரொட்டி வேண்டாம், பாலும் பிஸ்கற்றும்தான் வேண்டும். கொடுத்தால் பாதியை மேசைக்குத் தீற்றுவான். பதின்மூன்று வயது மொனிகா தானே எழும்புவாள், தானே குளிப்பாள். ஆனால் ஏழு பத்துக்குச் சீப்போடு வந்து குசினிக் கதிரையில் முதுகைக் காட்டி உட்காருவாள். இரட்டைப் பின்னல் போடுவது அப்பாவின் வேலை. ஆறு வருடத்துக்கு முன் மாக்கிரட் ரயிலேறிப் போகிற இந்த வேலைக்குச் சேர்ந்த முதற் கிழமை, அவர் போட்ட பின்னலைப் பார்த்து இரக்கப்பட்ட ஓர் இத்தாலியத் தாய், பள்ளிக்கூட வாசலில் வைத்து அதை அவிழ்த்துத் தானே பின்னிவிட்டாள். ஏர்னஸ்ற்றுக்கு ரோசம் வந்துவிட்டது. கதவுக் கைபிடியில் மூன்று கயிற்றைக் கட்டி, ஒரு கிழமை விடாமல் பின்னிப் பழகினார். எட்டாம் நாள் அதே தாய் இது யார் பின்னியது என்று பிள்ளையைக் கேட்டாளாம். "மியோ பப்பா", என் அப்பா, என்று மொனிகா சொன்னதை அவர் இன்றைக்கும் சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்ட கையோடு வேலை. மூன்று கட்டடங்களின் படிக்கட்டு அவர் பொறுப்பு. மேலிருந்து கீழே கூட்டி, மேலிருந்து கீழே துடைத்து, ஒவ்வொரு தளத்திலும் கதவின் பித்தளைக் குமிழை மினுக்கிவர மதியமாகிவிடும். பதினைந்து வருடமாகத் துடைத்தும், அங்கே குடியிருக்கிறவர்களில் பாதிப்பேருக்கு அவர் பெயர் தெரியாது. படி துடைக்கிறவர், அவ்வளவுதான். அதில் அவருக்குப் பெரிய மனவருத்தம் என்று சொல்லமுடியாது. ஆனால் ஒரு மனிதனுக்கு எங்காவது ஓர் இடத்தில் நாலு பேர் தன்னைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று இருக்குமா இல்லையா? ஏர்னஸ்ற்றுக்கு அந்த இடம் ஃபோரோ இத்தாலிக்கோ கடற்கரைப் புல்வெளி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர் அங்கே விக்கெற்றுக்குப் பின்னால் நின்றாரென்றால், அவர்தான் அம்பயர்.

ஆடத் தெரியாததால்தான் அம்பயர் ஆனார் என்று சனம் பகிடி பண்ணும். அது பொய்யும் இல்லை. தன் வாழ்நாளில் அவர் எடுத்த அதிகூடிய ஓட்டம் ஏழு. அதில் நாலு தற்செயலாகப் பின்பக்கம் போனது. இங்கே எங்கள் ஆட்களின் வழக்கம், துடுப்பாடுகிற பக்கமே அம்பயரையும் நிறுத்துவது. தன் ஆளுக்குத் தானே அவுட் கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஞாயிறு தவறாமல் சண்டை. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள் கைகலப்பு வருகிற நேரம், எந்த அணியும் சேர்க்காமல் ஓரமாக நின்ற ஏர்னஸ்ற்றை இரண்டு பக்கமும் சேர்ந்து உள்ளே தள்ளிவிட்டன. உள்ளே போனவர் பிறகு வெளியே வரவில்லை. விதிப் புத்தகத்தைப் போனில் இறக்கி, படிக்கட்டில் இளைப்பாறுகிற நேரமெல்லாம் படித்தார். கடற்கரையில் ஆறு கூழாங்கல் பொறுக்கினார். ஒரு பந்துக்கு ஒரு கல் இடப் பையிலிருந்து வலப் பைக்குப் போகும். ஆறும் போனால் ஓவர் முடிந்தது. வீட்டில் யூரியூப்பில் பழைய ஆட்டங்களைப் போட்டு, அதில் நிற்கிற அம்பயர் தீர்ப்புச் சொல்லுமுன் இவர் விரலைத் தூக்குவார். தூக்கியது சரி என்றால் அன்றைக்குக் குசினியில் பாட்டுக் கேட்கும்.

அந்தப் பைத்தியம் வீட்டுக்குள்ளும் புகுந்தது. கோப்பை உடைந்தால் விசாரணை, சாட்சி, தீர்ப்பு. சந்தேகம் இருந்தால் அவுட் இல்லை என்று ஜோசுவாவை விட்டுவிடுவார்.

"இஞ்சேருங்கோ, தொப்பியைக் கழட்டிப்போட்டு வந்து உந்தத் துண்டுகளைக் கூட்டுங்கோ," என்பாள் மாக்கிரட்.

ஆனால் பிள்ளைகளுக்கு அப்பாவின் தீர்ப்பு என்றால் தீர்ப்புத்தான். அழுவார்கள், காலை உதைப்பார்கள், பொய் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. காணாததைக் கண்டேன் என்று அப்பா சொல்லமாட்டார். கண்டதைக் காணவில்லை என்றும் சொல்லமாட்டார். அந்த வீட்டின் அத்திவாரமே அதுதான். அது எப்படி ஆட்டம் கண்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருடம் அந்தோனியார் திருநாளை ஒட்டி, எங்கள் தமிழ்க் கோவில் பங்கில் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு சுற்றுப்போட்டி வைத்தார்கள். ஆறு ஓவர் ஆட்டம், ஒவ்வோர் அணியிலும் குறைந்தது இரண்டு பெண்பிள்ளைகள். மொனிகா ஒரேத்தோ அணியில் சேர்ந்தாள். அப்பாவுக்கு வராத ஆட்டமெல்லாம் சேர்த்துப் பிள்ளைக்கு வந்திருந்தது. பல்கனியில் பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு அடித்து அடித்துப் பழகினாள். கீழ்வீட்டுக் கிழவர் இரண்டு தரம் மேலே ஏறிவந்து சத்தம்போட்டுவிட்டு, மூன்றாம் தரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

அரையிறுதியில் ஒரேத்தோவும் பக்கத்துப் பகுதியான பல்லரோவும் மோதவேண்டி வந்தது. பல்லரோ அணியை நடத்தியவர் செல்வராசா. சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வாய் கொஞ்சம் நீளம், கெட்ட மனிதர் என்று சொல்லமுடியாது. அந்தக் கிழமை ஏர்னஸ்ற் அவர் கடைக்கு மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போனார். கடை நிறையச் சனம்.

"அம்பயர் வீட்டுப் பிள்ளை ஆடேக்கை எங்கடை பிள்ளையளுக்கு என்ன நீதி கிடைக்கப்போகுது?" என்றார் செல்வராசா, கிழங்கை நிறுத்துக்கொண்டே.

எல்லாரும் சிரித்தார்கள். ஏர்னஸ்ற்றும் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் அந்தச் சொல் மீன்முள் மாதிரித் தொண்டைக்குள் நின்றது. மகள் ஆடுகிறாள், வேறு ஆளைப் போடுங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் கதை அதோடு சரி. சொல்லவில்லை. என்னை விட்டால் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்ற மிதப்பு.

அரையிறுதியில் முதலில் பல்லரோ ஆடியது. பிறகு ஒரேத்தோ ஆடி, கடைசி ஓவரில் இன்னும் இரண்டு பந்து மிச்சம். வெல்ல மூன்று ஓட்டம் வேண்டும். கைவசம் இருந்தது ஒரே ஒரு விக்கெற். அடிக்க நின்றது மொனிகா. பந்து போட்டவன் செல்வராசாவின் மகன் சுஜன். அவள் பந்தைக் கடல் பக்கமாகத் தட்டிவிட்டு, அப்பா நிற்கிற முனையை நோக்கி ஓடி வந்தாள். பந்தும் வந்தது. சுஜன் அதைப் பிடித்து விக்கெற் தடியில் அடித்தான். அவன் முதுகு மறைத்ததால் சுற்றி நின்ற யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏர்னஸ்ற்றுக்குத் தெரிந்தது. மைதா மாவால் போட்டிருந்த கோட்டைத் தாண்டித் துடுப்பின் நுனி உள்ளே வந்து, புல்லையும் கீறிவிட்டது. அதற்குப் பிறகுதான் தடி விழுந்தது. பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், அவுட் இல்லை.

பல்லரோப் பக்கம் எல்லாரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். ஏர்னஸ்ற் நிமிர்ந்து பார்த்தார். செல்வராசா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் சிரித்த முகங்களும் அங்கே நின்றன. இவர் விரல் மேலே போனது.

ஆட்டம் முடிந்தது. அந்தக் கடைசிப் பந்தில் ஒரேத்தோ வென்றிருக்குமோ தோற்றிருக்குமோ, யாருக்குத் தெரியும்? அந்தப் பந்தையே பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் பண்ணிவிட்டார் மனிதர். செல்வராசா ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "மகள் எண்டும் பாக்கேல்லை. இவர்தான் அம்பயர்," என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார். ஆட்கள் வரிசையாகக் கை கொடுத்தார்கள். உண்மையைச் சொல்லவேண்டும், அந்த நேரம் ஏர்னஸ்ற்றுக்கு உச்சி குளிர்ந்துதான் போனது. வீடு வந்து சேரும்வரைக்கும் குளிர்ந்தபடியே இருந்தது.

வீட்டில் அவர் சோற்றுப்பானையைக் கழுவிக்கொண்டிருந்தபோது மொனிகா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, நான் உள்ளுக்கை வந்திட்டன்."

"அம்பயர் குடுத்தால் குடுத்ததுதான், பிள்ளை."

"நான் அதைக் கேக்கேல்லை. நீங்கள் கண்டனீங்களோ இல்லையோ?"

அவர் பைப்பைக் கூட்டித் திறந்துவிட்டு, கழுவிய பானையையே மறுபடி கழுவினார். "நோன் எ ஜூஸ்தோ," என்றாள் பிள்ளை. இது நியாயமில்லை என்று தமிழில் சொல்லக்கூட அவளுக்கு அப்போது மனமில்லை. போய்விட்டாள்.

மறுநாள் ஏழு பத்துக்குக் கதிரை வெறுமையாக இருந்தது. மொனிகா தானே பின்னிக்கொண்டு வந்தாள். ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு, வகிடு கோணல். அவர் சீப்பை எடுத்தார். "தேவையில்லை," என்றுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அந்தக் கிழமை அவள் பயிற்சிக்குப் போகவில்லை. பல்கனியில் தொங்கிய பந்தைக் கழற்றிவிட்டாள். ஜோசுவா ஒரு கோப்பையை உடைத்துவிட்டு, நான் உடைக்கவில்லை என்று நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான். விசாரிக்க இவருக்கு வாய் வரவில்லை. படிக்கட்டில் துடைத்த தளத்தையே திரும்பத் துடைத்தார். மூன்றாம் மாடிச் சிஞ்ஞோரா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

வியாழக்கிழமை பின்னேரம் வேலையால் வந்த மாக்கிரட் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் அவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். "நாலு நாளாய் நீங்கள் எதையோ விழுங்கிப்போட்டு நிக்கிறியள். என்ன விசயம்?"

ஏர்னஸ்ற் சொன்னார். ஒரு சொல் மிச்சம் வைக்காமல் சொன்னார்.

"இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? சொல்லவேண்டியவள் அங்கை உடுப்புக் காயப்போடுறாள்," என்றாள் மாக்கிரட்.

பல்கனிக்குப் போனார். மொனிகா திரும்பிப் பார்க்கவில்லை.

"பிள்ளை, நீ உள்ளுக்கைதான் நிண்டனி. நான் கண்டனான்."

"அப்ப ஏன் கையைத் தூக்கினீங்கள்?"

"மகளுக்குச் சாய்ஞ்சு நிண்டிட்டன் எண்டு சனம் கதைக்கும். அந்தப் பயம்."

அவள் ஜோசுவாவின் காற்சட்டையை உதறிக் கொடியில் போட்டு இரண்டு கிளிப்பும் குத்தினாள். பிறகு சொன்னாள். "நான் அவுட் இல்லை எண்டு எனக்குத் தெரியும். அதை எனக்குச் சொல்லி என்ன? நீங்கள் அங்கை எல்லாருக்கும் முன்னாலைதானே அவுட் எண்டனீங்கள்."

அதற்கு மேல் ஏர்னஸ்ற்றுக்கு வேறு வழி தெரியவில்லை. தேடாமல் விட்டார் என்று நினைக்கவேண்டாம். பங்கு வட்சப் குழுவில் எழுதிவிடலாம் என்று போனை எடுத்தார்; ஐந்து தரம் எழுதி ஐந்து தரமும் அழித்தார். வெள்ளிக்கிழமை பல்லரோவுக்குப் போய், செல்வராசாவின் காதோடு சொல்லிப் பார்த்தார். செல்வராசா முதலில் திகைத்து, பிறகு தோளில் தட்டினார்.

"விடுங்கோ அண்ணை, முடிஞ்ச விசயம். சனம் உங்களைத் தலையிலை வைச்சுக் கொண்டாடுது. வாயைத் திறந்து கெடுத்துப்போடாதேங்கோ."

அது நல்ல மனத்தோடு சொன்ன புத்திதான். அதுதான் ஏர்னஸ்ற்றைச் சுட்டது. இந்தப் புகழ் இருக்கும்வரைக்கும் தன் வீட்டுக்குள் தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்பது அவருக்கு அந்தக் கடை வாசலில் வைத்துத் தெளிவாக விளங்கியது. திரும்பி வருகிற வழியில் பல்லைக் கடித்துக்கொண்டு முடிவெடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சொல்லுவது. தலைகீழாக நின்றாவது சொல்லுவது.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோவில் முற்றத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு இறுதியாட்டம் என்று அறிவித்து முடித்ததும் ஏர்னஸ்ற் போய் மைக்கைக் கேட்டு வாங்கினார். அம்பயர்தானே, ஏதோ விதி சொல்லப்போகிறார் என்று எல்லாரும் திரும்பினார்கள்.

"போன ஞாயிறு நான் ஒரு பிழையான அவுட் குடுத்தனான். மொனிகா உள்ளுக்கை வந்திட்டா. நான் என்ரை கண்ணாலை கண்டனான். கண்டுகொண்டுதான் கையைத் தூக்கினனான்."

செல்வராசா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். சொல்லவேண்டாம் என்று அவர் சொன்ன பிறகும் இந்த மனிதர் சொன்னதில் அவருக்குக் கோபம்.

"இப்ப ஏன் இது? இறுதியாட்டத்துக்கு மகளை ஏத்தவோ? நீங்கள் இவ்வளவும் செய்யிறது மகளுக்காகத்தானே, அண்ணை?"

கடையில் கேட்ட நாளிலிருந்து எந்தச் சொல்லுக்குப் பயந்தாரோ அந்தச் சொல், கோவில் முற்றத்தில், நூறு பேருக்கு முன்னால் வந்து விழுந்தது. ஏர்னஸ்ற் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஓம். மகளுக்காகத்தான்."

யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. "முடிவை மாத்தச் சொல்லி நான் கேக்கேல்லை. உங்கடை பிள்ளையள் இறுதியாட்டம் ஆடட்டும், அவையள் ஒரு பிழையும் செய்யேல்லை. நான் இனி அம்பயராய் நிக்கமாட்டன். ஆனா அவள் அவுட் இல்லை." தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பையைத் துழாவி ஆறு கல்லையும் எடுத்துத் தொப்பிக்குள் போட்டார்.

இப்படிச் சொன்னவரை ஊர் தூக்கிவைத்துக் கொண்டாடியது என்று எழுதினால் உங்களுக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் தேநீர் வரிசையில் போய் நின்றபோது முன்னுக்கு நின்றவர் விலகிக்கொண்டார். மூளை பிசகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். இல்லை, நாடகமாடுகிற பெரிய கெட்டிக்காரன் என்றார்கள் வேறு சிலர். அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. மாக்கிரட் வந்து அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, "வாங்கோ, போவம்," என்றாள். பஸ் தரிப்பில் மொனிகா அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அடுத்த ஞாயிறு இறுதியாட்டம். வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று ஏர்னஸ்ற் இழுத்தார். "களவெடுத்தனாங்களோ ஒளிக்கிறதுக்கு?" என்று மாக்கிரட் றோல்ஸ் பொரித்துப் பெட்டியில் அடுக்கினாள். புல்வெளியில் புது அம்பயர்கள் இரண்டு பேர் நின்றார்கள். மூன்றாம் ஓவரிலேயே சண்டை தொடங்கிவிட்டது. ஏர்னஸ்ற்றின் கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது, பை வெறுமை.

"இஞ்சை வாங்கோ அப்பா, நாங்கள் அங்காலை ஆடுவம்," என்றாள் மொனிகா. புல்வெளியின் மறுகோடியில் ஒவ்வொரு முனையிலும் ஒரு தண்ணீர்ப் போத்தலை விக்கெற்றாக நட்டு, செருப்பால் மண்ணில் கோடு கீறினாள். ஜோசுவா பந்து போட, மொனிகா அடித்தாள். பந்து ஏர்னஸ்ற்றின் காலடிக்கு வந்தது. அவள் ஓட்டத்துக்குப் பாய்ந்தாள். வாழ்நாளில் ஒரு பந்தையும் ஒழுங்காக எறிந்திராத மனிதர் குனிந்து எடுத்து எறிந்தார். போத்தல் விழுந்தது.

"அவுட்," என்று கத்தினான் ஜோசுவா.

"போடா, இல்லை."

"அப்ப ஆர் அம்பயர்?"

மொனிகா மூச்சு வாங்கிக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்கள் சொல்லுங்கோ. கண்டனீங்கள்தானே?"

கண்டார். துடுப்பு கோட்டுக்கு வெளியே நிற்கும்போதே போத்தல் சாய்ந்துவிட்டது. பிள்ளை இரண்டு கிழமைக்குப் பிறகு இப்போதுதான் முகம் கொடுத்துக் கதைக்கிறாள். இல்லை என்று சொன்னால் இன்றைக்குச் சந்தோசமாக வீட்டுக்குப் போகலாம். ஏர்னஸ்ற் அந்தக் கோட்டை ஒரு தரம் பார்த்தார். பிறகு விரலைத் தூக்கினார்.

மொனிகா அந்த விரலைப் பார்த்தாள். துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துபோய் மாக்கிரட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு றோல்ஸை எடுத்தாள். பின்னல் இன்னும் கோணல்தான். அந்தச் சீப்போடு அவள் பிறகு ஒருநாளும் அவரிடம் வரவில்லை. தானே பின்னப் பழகிவிட்டாள்.

"கோட்டுக்கு நாலு விரல் வெளியாலை நிண்டிருப்பன், என்ன?" என்று வாய் நிறைய றோல்ஸோடு கேட்டாள்.

"மூண்டு," என்றார் ஏர்னஸ்ற்.